லெமன் பாம் வளர்ப்பும் பயன்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனின் தெற்கு ஓரத்தில், களிமண் பூமியில், ஒரு சின்னக் கொல்லை என்னுடையது. அதில் ஒன்பது வருடங்களாக லெமன் பாம் இருக்கிறது. நான் வளர்க்கிறேன் என்பதைவிட அது இருக்கிறது என்பதுதான் சரி. வீட்டுக்கு வருகிறவர்கள் இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டுக் கேட்கிற கேள்விகளையும், நானே ஆரம்பத்தில் தலையைச் சொறிந்துகொண்ட சில கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

லெமன் பாம் என்றால் தலைவலிக்குத் தேய்க்கிற பாமா?

செடி வாங்கியிருக்கிறேன் என்று போனில் சொன்னபோது அத்தை கேட்ட முதல் கேள்வியே "ஏன், தலைவலியா?" என்பதுதான். தைலம் இல்லை, செடிதான். ஆனால் பெயர் வந்த வழி ஒன்றே. வாசனைப் பிசினைக் குறிக்கும் ‘பால்சம்’ என்ற பழைய சொல் தேய்ந்துதான் ‘பாம்’ ஆனது. தைலத்துக்கும் அந்தப் பெயர் போனது, மணக்கிற இந்தச் செடிக்கும் போனது.

புதினாவும் துளசியும் சேர்ந்த குடும்பம் இது. தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினால் நான்கு மூலை தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக, சுருக்கம் விழுந்து, ஓரத்தில் ரம்பப் பல்லோடு இருக்கும். பார்த்தால் புதினாவேதான். கசக்கினால் எலுமிச்சை. தாவரவியல் பெயர் மெலிசா அஃபிசினாலிஸ். மெலிசா என்றால் கிரேக்கத்தில் தேனீ. அஃபிசினாலிஸ் என்பது ஒரு காலத்தில் மருந்துச் சரக்கு அறையில் இடம்பிடித்த செடிகளுக்கெல்லாம் ஒட்டப்பட்ட அடைமொழி. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள தெற்கு ஐரோப்பாவிலிருந்து ஈரான், மத்திய ஆசியா வரை இதன் சொந்த ஊர்.

தமிழில் இதற்கு என்ன பெயர்?

நம் மண்ணின் செடி இல்லை என்பதால் வழக்கில் ஊன்றிய பெயர் கிடையாது. எலுமிச்சைத் துளசி, எலுமிச்சைப் புதினா என்றெல்லாம் எழுதுகிறார்கள். அந்தப் பெயர்களுக்கு வேறு செடிகளும் உரிமை கோருவதால் நான் லெமன் பாம் என்றே சொல்லிவிடுகிறேன். யுனானி மருந்துக் கடையில் பாத்ரஞ்சபூயா என்று கேட்டால் புரியும், அது பாரசீகத்திலிருந்து வந்த பெயர். ஆனால் அந்தப் பெயரில் வேறு செடியின் சருகும் விற்பனையாகிறது. முகர்ந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்.

லெமன்கிராஸ், லெமன் வெர்பினா, லெமன் பேசில் எல்லாமே எலுமிச்சை வாசனைதானே? என்ன வித்தியாசம்?

செடியாக வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். லெமன்கிராஸ் புல், இலை கையை அறுக்கும். வெர்பினா தென்னமெரிக்கப் புதர், தண்டு மரம்போல் இறுகும், கூர்மையான இலைகள் மூன்று நான்காக ஒரே கணுவில் சுற்றி நிற்கும், உறைபனி பட்டால் போய்விடும். லெமன் பேசில் துளசியின் நெருங்கிய உறவு, இலை வழவழப்பு.

வாசனைக்குக் காரணம் எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: சிட்ரால் என்ற பொருள். எலுமிச்சைத் தோலிலும் அதுவே. லெமன் பாமில் அதோடு சிட்ரோனெல்லாலும் சேரும். வேறுபாடு அளவில் இருக்கிறது. லெமன்கிராஸில் எண்ணெய் தாராளம், அந்த எண்ணெயிலும் பெரும்பங்கு சிட்ரால். லெமன் பாமின் காய்ந்த இலையில் எண்ணெய் அரை சதவீதம்கூடத் தேறாது. மூட்டை மூட்டையாக இலையைக் காய்ச்சி வடித்தால் சின்னக் குப்பிதான் மிஞ்சும். அசல் மெலிசா எண்ணெய் அநியாய விலை விற்பது அதனால்தான். மலிவாகக் கிடைத்தால் உள்ளே லெமன்கிராஸ் எண்ணெயோ சிட்ரோனெல்லா எண்ணெயோ கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் குறைந்த எண்ணெய் விஷயத்தை நினைவில் வையுங்கள். சமையல், காயவைப்பது, டீ என்று கீழே வரப்போகும் பாதிக் கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

எங்கே, எந்த மண்ணில் நடுவது?

இங்கிலாந்து மாதிரி குளிர் நாடு என்றால் எங்கே வேண்டுமானாலும். நல்ல வெயிலில் வாசனை கூடும், அரை நிழலில் இலை பெரிதாகவும் மென்மையாகவும் இருக்கும். எனக்கு அரை நிழல் பிடிக்கும், கிள்ளித் தின்கிற இலை தோலாக இருக்கக் கூடாது. மண்ணில் தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. என் களிமண்ணில் மட்கு உரமும் பொடிச் சரளையும் கலந்து, அரை அடி மேடாக்கி நட்டேன். அதற்கப்புறம் உரம் என்று தனியாக எதுவும் போட்டதில்லை. தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் செடி புசுபுசுவென்று வரும், வாசனை நீர்த்துப் போகும்.

உயரம் இரண்டு இரண்டரை அடி, விரிவும் அதே அளவு. தொட்டி என்றால் ஒரு அடி அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வேர்க்கட்டியைக் கத்தியால் பாதியாக வெட்டி, பாதியைத் திரும்ப நடுங்கள். மீதிப் பாதியை யார் தலையிலாவது கட்டலாம்.

மஞ்சள் இலை வகைகளும் உண்டு. முழுக்கப் பொன்னிறமான ‘ஆல் கோல்ட்’ அழகுதான், ஆனால் உச்சி வெயில் பட்டால் ஓரம் கருகிவிடும். சமையலுக்குப் பச்சையே போதும்.

விதையா, தண்டா?

விதை கடுகைவிடச் சிறியது, முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணுக்குள் புதைக்காமல் ஈர மண்ணின் மேல் தூவி உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். 20 டிகிரி வெப்பம் இருந்தால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் முளைக்கும். அந்தச் சமயம் பார்த்துப் பொறுமை இழந்து மண்ணைக் கிளறுபவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால் விதை வாங்குவது வீண் செலவு. யாரிடமாவது இந்தச் செடி இருந்தால் ஒரு கட்டி வேரோடு கேளுங்கள், சந்தோஷமாகத் தருவார்கள். பூக்காத தண்டு நான்கு அங்குலம் கிள்ளி, கீழ் இலைகளை உருவிவிட்டு டம்ளர் தண்ணீரில் வைத்தாலும் புதினா மாதிரியே வேர் விடும்.

புதினா மாதிரி தோட்டத்தையே வளைத்துப் போட்டுவிடுமா?

போடும், ஆனால் வேறு வழியில். புதினா மண்ணுக்கடியில் கொடிவேர் ஓட்டி ஊர்ந்து வரும். லெமன் பாம் நின்ற இடத்தில் புதராகப் பெருக்கும், அவ்வளவுதான். அதனால் பக்கெட்டுக்குள் நட்டு மண்ணில் புதைப்பது போன்ற புதினா வித்தைகள் இதற்கு எதுவும் செய்யாது. இதன் ஆயுதம் விதை.

என் கதை இது. ஒரு வருடம் தேனீக்கள் வருகின்றனவே என்று பூத்த தண்டுகளை வெட்டாமல் விட்டுவிட்டு, ஆகஸ்டில் ஐந்து வாரம் மதுரைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது விதை காய்ந்து உதிர்ந்திருந்தது. அடுத்த ஏப்ரலில் நடைபாதைக் கல் இடுக்கு, வேலியோரம், ரோஜாவின் காலடி எல்லா இடத்திலும் குட்டி லெமன் பாம். பனிக்காலத்தில் வீட்டுக்குள் தூக்கி வைத்துப் பொத்திப் பொத்தி வளர்க்கும் கறிவேப்பிலைத் தொட்டியில்கூட நான்கு. கறிவேப்பிலை அந்த வருடம் மூன்று இலை விட்டது, இது முப்பது விட்டது.

ஆக, விதி எளிது: பூ வாடத் தொடங்கியதும் தண்டோடு வெட்டிவிடுங்கள். ஏற்கெனவே முளைத்தவற்றை இரண்டு இலைப் பருவத்திலேயே பிடுங்கிவிட்டால் சுலபமாக வரும். ஒரு வருடம் விட்டால் வேர் கல்லைக் கவ்விக்கொள்ளும், அப்புறம் ஆயுதம் தேவைப்படும்.

சென்னையில், மதுரையில், யாழ்ப்பாணத்தில் வளருமா?

ஊரிலிருந்து அதிகம் வரும் கேள்வி. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா பக்கம் என்றால் தயங்காமல் நடலாம், அந்தக் குளிர் இதற்கு ஏற்றது. சமவெளி வேறு. உறைபனியைத் தாங்கும் செடி, சித்திரை வெயிலைத் தாங்குவதற்குப் படைக்கப்பட்டதல்ல. ஐப்பசி வாக்கில் தொட்டியில் வைத்து, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் மாசி வரை பறித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்த வழி. கோடையில் மரநிழலில் காப்பாற்ற முயலலாம், செத்தால் வருத்தப்பட வேண்டாம். அடைமழையில் தொட்டியின் ஓட்டை அடைத்துக்கொள்ளாமல் பார்ப்பது வெயிலைவிட முக்கியம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன்: உங்களுக்கு வேண்டியது எலுமிச்சை மணக்கிற டீதான் என்றால் எதற்கு இந்தப் பாடு? லெமன்கிராஸ் ஒரு குத்து நட்டால் சமவெளி வெயிலில் அதுபாட்டுக்கு வளரும், கொதிக்க வைத்தாலும் மணம் நிற்கும். இங்கே அது குளிரில் செத்துப்போகிறதே என்றுதான் நான் லெமன் பாமிடம் வந்தேன்.

இலையில் வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. நோயா?

ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய பொட்டுகள் என்றால் தத்துப்பூச்சி. இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாறு உறிஞ்சும், கை நீட்டினால் தெறித்து ஓடும். இந்தக் குடும்பத்துச் செடிகளையே தேடி வரும் ஒரு சிறு இனத்துக்கு யூப்டெரிக்ஸ் மெலிசே என்று இந்தச் செடியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். செடி சாகாது, இலைதான் பார்க்க அசிங்கம். மாவு தூவியதுபோல் படர்ந்தால் சாம்பல் நோய், வேர் காய்ந்து காற்றோட்டமும் இல்லாதபோது வரும்.

இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு முழுச் செடியையும் வெட்டித் தள்ளுங்கள், ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று வாரத்தில் புதுத் தழை. சாப்பிடுகிற இலையில் மருந்தடிப்பது இந்தச் செடிக்குத் தேவையே இல்லை.

எப்போது அறுப்பது நல்லது?

மொட்டு கட்டுவதற்குச் சற்று முன்பு, பனி உலர்ந்த காலையில். இங்கே அது ஜூன் மாதம். பூத்த பிறகு இலை சிறுத்து, வாசனையில் ஒருவிதப் பச்சைக் காட்டம் ஏறிவிடும். ஜூனில் ஒரு பெரிய வெட்டு வெட்டினால் ஆகஸ்டில் இன்னொன்று கிடைக்கும். நடுவில் டீக்காகக் கிள்ளுவது கணக்கில் வராது.

பறித்த இலையைக் கசக்காமல் கொண்டுவாருங்கள். எண்ணெய் இலையின் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத சுரப்பிகளில் இருக்கிறது. கூடையில் திணித்தாலே பாதி வாசனை கூடைக்குப் போய்விடும்.

காயவைத்தால் வைக்கோல் மாதிரி ஆகிவிடுகிறதே?

ஆகும். இருப்பதே கொஞ்சம் எண்ணெய், அதுவும் சூட்டில் பறக்கிற எண்ணெய். வெயிலில் காயப் போட்டாலோ ஓவனில் வைத்தாலோ மிஞ்சுவது பச்சை நிறச் சருகு. நிழலில், காற்றோட்டமான அறையில், சின்னக் கொத்துகளாகத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நொறுங்கும் பதம் வந்ததும் முழு இலையாகவே டப்பாவில் அடைத்து, டீ போடும்போதுதான் நொறுக்க வேண்டும். இவ்வளவு செய்தும் பச்சை இலையின் மணத்தில் பாதிதான் தேறும். ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. இலையைப் பொடியாக அரிந்து ஐஸ் தட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றி உறைய வைப்பேன். டிசம்பரில் ஒரு கட்டியை வெந்நீரில் போட்டால் ஜூன் மாதம் திரும்பி வந்ததுபோல் இருக்கும்.

டீ எப்படிப் போடுவது?

நம்மாட்கள் செய்யும் முதல் தவறு, டீத்தூளோடு பால் விட்டுக் கொதிக்க வைப்பது. அப்படிச் செய்தால் வாசனை சமையலறைக்கு, சக்கை உங்களுக்கு. பச்சை இலை பத்துப் பன்னிரண்டு எடுத்து விரலால் கிழித்து டம்ளரில் போடுங்கள். கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி, தட்டு போட்டு மூடுங்கள். மூடுவதுதான் விஷயம்: ஆவியாகிற எண்ணெய் தட்டில் முத்துக் கட்டித் திரும்ப உள்ளே சொட்டும். ஏழெட்டு நிமிடம். தேன் விருப்பம், பால் வேண்டாம். காய்ந்த இலை என்றால் இரண்டு டீஸ்பூன்.

ருசி எலுமிச்சைச் சாறு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். புளிப்பு துளியும் கிடையாது. அம்மா முதல் வாய் குடித்துவிட்டு "பாத்திரம் தேய்க்கிற சோப்பு மாதிரி இருக்கு" என்றார். அந்தச் சோப்பிலும் சிட்ரால் வாசனைதானே, குற்றம் செடியுடையது அல்ல. ஒரு துண்டு இஞ்சி சேர்த்ததும் அவர் வழிக்கு வந்தார்.

நம் சமையலில் சேருமா?

சூடு படாத இடத்தில் அழகாகச் சேரும். நீர்மோரில் கறிவேப்பிலை, கொத்தமல்லியோடு நான்கு இலை. எலுமிச்சைச் சர்பத்தில், பானகத்தில், வெட்டிய மாம்பழத்தின் மேல். கொத்தமல்லிச் சட்னியில் கால் பங்கு இதைச் சேர்த்து அரைத்தால் இட்லிக்கு நன்றாக இருக்கிறது. பாதிக்குப் பாதி போட்டால் மறுபடியும் சோப்பு.

ரசத்தில் முயன்றேன். மிளகு, சீரகம், பெருங்காயம் மூன்றும் சேர்ந்து இதை மிதித்துவிட்டன. பிரியாணியில் போட்டுப் பார்த்தேன், போட்டதே தெரியவில்லை. எலுமிச்சைச் சாதத்தில் மட்டும், கிளறி இறக்கிய பின் பொடியாக அரிந்து தூவினால் ஒரு பச்சை வாசனை கிடைக்கும்.

தூக்கம் வரும், பதற்றம் குறையும் என்கிறார்களே, உண்மையா?

நெடுங்காலப் பெயர் அது. பழங்காலப் பாரசீக மருத்துவர் இப்னு சீனா இதை மனதுக்கு மகிழ்ச்சி தருவது என்று எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மலைட் துறவிகள் இந்த இலையோடு எலுமிச்சைத் தோல், ஜாதிக்காய், கொத்தமல்லி விதை எல்லாம் சேர்த்துச் சாராயத்தில் வடித்த மருந்துநீர் பேர்பெற்றது. கன்னியாஸ்திரியாக இருந்த மரியா கிளமென்டைன் மார்ட்டின் 1826இல் கொலோன் நகரில் தொடங்கிய மெலிசா வடிநீர் வியாபாரம் இன்றும் ஜெர்மனியில் நடக்கிறது. அதைக் குடித்து நிம்மதி வந்தது என்றால் இலைக்கு எவ்வளவு பங்கு, சாராயத்துக்கு எவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆய்வு என்று பார்த்தால், இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் 20 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு இலைச்சாற்றின் சத்தை 300, 600, 900 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். அமைதி உணர்வு கூடியது. அளவு அதிகமானபோது விழிப்பு குறைந்தது. இருபது பேர் என்பது சின்னக் கூட்டம், கொடுத்ததும் டீ அல்ல, செறிவூட்டிய சத்து. ஐரோப்பிய மருந்து முகமை லேசான மன அழுத்தம், தூக்கம், வயிற்று உப்புசம், வாயு ஆகியவற்றுக்கு இதை ஏற்கிறது. ஆனால் நெடுநாள் வழக்கத்தில் இருக்கிறது என்ற அடிப்படையில்தான். ஒரு வேளைக்கு ஒன்றரை முதல் நாலரை கிராம் காய்ந்த இலை, நாளுக்கு ஒன்று முதல் மூன்று வேளை என்பது அவர்கள் கணக்கு.

என் அனுபவம்: இரவு ஒன்பது மணிக்கு டீக்குப் பதில் இதைக் குடித்தால் நன்றாகத் தூங்குகிறேன். அதில் பாதிப் புண்ணியம் குடிக்காமல் விட்ட அந்த டீயையும் சேரும்.

யார் தவிர்க்க வேண்டும்?

சட்னியில் நான்கு இலை யாரையும் ஒன்றும் செய்யாது. தினமும் மருந்தாகக் குடிப்பதுதான் வேறு. தைராய்டு சிக்கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் வேலையில் இந்தச் சாறு குறுக்கிடுவது சோதனைக்கூடத்தில் தெரியவந்திருக்கிறது. தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அதே எச்சரிக்கை, மயக்கம் கூடலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் போதிய ஆய்வு இல்லை என்பதால் மருந்தளவில் பரிந்துரைப்பதில்லை. குடித்துவிட்டுத் தூக்கம் சொக்கினால் வண்டி ஓட்டாதீர்கள். வாங்கிய எண்ணெய்க் குப்பியிலிருந்து நேராகத் தோலில் தேய்ப்பதும் வேண்டாம், சிட்ரால் சிலருக்கு அரிப்பை உண்டாக்கும்.

தேனீ வருவது வாசனைக்கா, பூவுக்கா?

எனக்கு இந்தச் செடியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பூ ஒன்றும் பிரமாதமில்லை: கணுவுக்குக் கணு சின்ன வெள்ளைப் பூ, தூரத்திலிருந்து பார்த்தால் பூத்திருப்பதே தெரியாது. தேன் மட்டும் நிறைய. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை தேனீயும் குண்டு வண்டுத்தேனீயும் அதில்தான் கிடக்கும்.

இலையின் வாசனைக்கு வேறொரு கதை. வேலைக்காரத் தேனீயின் வயிற்று நுனியில் நாசனோவ் சுரப்பி என்று ஒன்று உண்டு. வழி தவறிய கூட்டத்தை "இங்கே வா" என்று கூப்பிட அது ஒரு மணத்தைக் காற்றில் விடும். அந்த மணத்தில் சிட்ராலும் ஜெரானியோலும் இருக்கின்றன, அதாவது லெமன் பாமில் இருக்கிற அதே சரக்கு. இந்த வேதியியல் எதுவும் தெரியாமலே, பிரிந்து பறக்கும் கூட்டத்தை இறக்க மெலிசா இலையை நசுக்கித் தெளிக்கச் சொன்னார் ரோமானியக் கவி வெர்ஜில், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே. தேனீ வளர்ப்பவர்கள் புதுப் பெட்டியின் உட்புறம் இந்த இலையைத் தேய்ப்பது இன்றும் உண்டு. இப்போது பலர் அதற்கு லெமன்கிராஸ் எண்ணெய் ஒரு சொட்டு விடுகிறார்கள், வேலை மிச்சம்.

இலைக்கு வேண்டும் என்றால் பூக்க விடக் கூடாது, தேனீக்கு வேண்டும் என்றால் விட வேண்டும். நான் இரண்டு செடி வைத்திருக்கிறேன். ஒன்று என்னுடையது, இன்னொன்று அவற்றுடையது. அவற்றின் செடியை ஆகஸ்ட் கடைசியில் நான் ஊரில் இருந்தால் வெட்டுவேன்.

கொசு ஓடுமா?

ஜன்னலோரம் தொட்டி வைத்தால் ஓடாது. செடி சும்மா நிற்கும்போது வாசனையை வெளியே விடுவதில்லை. கசக்கிக் கையில் தேய்த்தால் கொஞ்ச நேரம் தயங்கும், அரை மணியில் திரும்பி வரும். டெங்கு உள்ள ஊரில் இதை நம்பி உட்கார வேண்டாம், கொசுவலை கட்டுங்கள்.

நவம்பரில் செடி மொத்தமாகக் கருகிவிட்டது. பிடுங்கிப் போடட்டுமா?

வேண்டாம். மேலே செத்ததுபோல் கிடக்கும், வேர் தூங்குகிறது. லண்டன் குளிர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல, இதைவிடக் கடுமையான பனியிலும் பிழைக்கும். காய்ந்த குச்சிகளை அப்படியே விட்டால் வேருக்குப் போர்வை, பிப்ரவரி கடைசியில் வெட்டினால் போதும். தொட்டியில் இருந்தால் மட்டும் சுவரோரம் நகர்த்தி, மழைநீர் நிற்காமல் பாருங்கள், குளிரைவிட ஈரம்தான் கொல்லும். மார்ச் நடுவில் குனிந்து சருகை விலக்கிப் பாருங்கள். ஊதா கலந்த பச்சையில் கடுகளவு தளிர்கள் முட்டிக்கொண்டிருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒன்றைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள்.